கடைசி எட்டுப் பக்கங்கள்

மங்கையர்க்கரசி டீச்சரின் நாற்பத்தேழாவது மர்ம நாவலில், இரண்டாம் பக்கத்தில், நான் செத்துப்போனேன். கடைசி அத்தியாயம் அச்சாகி வெளியே வந்து, கொன்றது யார் என்று ஊருக்குத் தெரிகிறவரை செத்தவர் செத்தவராகவே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். டீச்சர் எழுத ஆரம்பித்ததிலிருந்து சாதாரணமாக அதற்கு ஒரு மாதம் பிடிக்கும். எனக்கு நான்கு வருடம் பிடித்தது. அதற்கு டீச்சரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. தப்பு என் மேல்தான்.

என் பெயர் சிவசைலம். தென்காசியிலிருந்து கிழக்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, இவற்றோடு மூன்று மாதத்துக்கு ஒன்றாக டீச்சரின் நாவல். கம்ப்யூட்டரில் டைப் அடிப்பது என் மகள் உலகம்மை. மடிப்பது, தைப்பது, அட்டை ஒட்டுவது எல்லாம் நான்.

டீச்சர் பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவர். ஊரில் பாதிப் பெண்கள் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதியம் மெஸ்ஸிலிருந்து தூக்குவாளியில் சாப்பாடு வரும், அதிலேயே கொஞ்சம் எடுத்து ராத்திரிக்கும் வைத்துக்கொள்வார். ஒரு கோடை விடுமுறையில் முதல் நாவலை எழுதினார். அதில் அவருடைய தலைமையாசிரியையைக் கொன்றார். அந்த மாதம் முழுக்கப் பள்ளியில் யாருக்கும் மாற்றுச் சான்றிதழ் கிடைக்கவில்லை. செத்தவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? பெற்றோர்களும் அதைப் புரிந்துகொண்டு, கொலைகாரன் பிடிபட்ட பிறகு வந்து வாங்கிக்கொண்டார்கள்.

அப்படியே வழக்கம் ஏற்பட்டுப்போயிற்று. செத்தவர் கையெழுத்துப் போடக் கூடாது. நல்ல காரியங்களில் முன்னால் நிற்கக் கூடாது. அவரிடம் யாரும் நேரே பேசக் கூடாது, மாலை போட்ட போட்டோவைப் பார்த்துத்தான் பேச வேண்டும். மற்றபடி வேலைக்குப் போகலாம், சாப்பிடலாம், முடி வெட்டிக்கொள்ளலாம். கதைதானே என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. அச்சில் வந்துவிட்டால் வந்ததுதான்.

போகப் போக, சாவதற்கு ஆட்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். மாமியார் பத்து நாள் தங்க வருகிறாள் என்று தெரிந்தால் போதும், மருமகன் வெற்றிலை பாக்குத் தட்டோடு டீச்சர் வீட்டு வாசலில் நிற்பான். செத்தவரைப் பற்றி யாரும் குறை பேச மாட்டார்கள் என்பது இன்னொரு வசதி. கொலைகாரராக இருக்க விரும்புகிறவர்களும் டீச்சரிடம் போய்ச் சொல்வார்கள். ஆனால் அது ரகசியம். யார் வந்தது, யாரைக் கொல்கிறேன் என்று சொன்னது, எதைப் பற்றியும் டீச்சர் மூச்சுவிட மாட்டார்.

கொலைகாரருக்குத் தண்டனை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கடைசி அத்தியாயம் வெளிவந்ததும், செத்தவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட வேண்டும். அதற்குக் கொலைச்சாப்பாடு என்று பெயர். தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், பாயசம், எதிலும் குறை வைக்கக் கூடாது. அந்த இலையில் கை நனைத்ததும் செத்தவர் பிழைத்துக்கொள்வார். இரண்டு குடும்பமும் உட்கார்ந்து சாப்பிடும். எழுதிய டீச்சரை மட்டும் கூப்பிட மாட்டார்கள். அவர் வந்து உட்கார்ந்தால் எல்லாம் முதலிலேயே பேசிவைத்த மாதிரி ஆகிவிடும் என்பார்கள். நாற்பத்தாறு கொலைச்சாப்பாடு நடந்த ஊரில் டீச்சர் ஒரு வாய் சொதி சாப்பிட்டதில்லை.

நான் ஏன் சாகப் போனேன் என்றால், அந்த வருடம் ஆவணி முகூர்த்தத்தில் எனக்கு வாழ்க்கை வெறுத்துவிட்டது. பத்திரிகை அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர், பெரிய மாமன் பெயர் முன்னாலா சின்ன மாமன் பெயர் முன்னாலா என்று என் மேஜையிலேயே கட்டிப் புரள்வார்கள். ஒரு மாதம் யாரும் என்னோடு பேசாமல் இருந்தால் தேவலை என்று தோன்றிற்று. டீச்சரிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சரி, காப்பியில விஷம்" என்றார்.

நாவலின் பெயர் 'நான்காவது தம்ளர்'. நான் செத்துக்கிடக்கும் மேஜையில் என் தம்ளர் போக நான்கு காப்பித் தம்ளர் இருக்கிறது. வந்து போனவர்கள் மூன்று பேர். நான்காவது தம்ளரில் குடித்தது யார் என்பதுதான் கதை.

இனி என் தப்புக்கு வருகிறேன். கடைசி அத்தியாயம் வெளியே வருகிறவரை அதைச் செத்தவர் கண்ணால் பார்க்கக் கூடாது என்பதும் வழக்கம். நாவலை எட்டு எட்டுப் பக்கமாகப் பன்னிரண்டு ஃபாரமாக அடிப்போம். பன்னிரண்டாவது ஃபாரத்தை உலகம்மையே டைப் அடித்து, அவளே மெஷினில் ஓட்டி, மடித்து, பழைய தினசரியில் சுற்றி, 'அப்பா பிரிக்கக் கூடாது' என்று எழுதிப் பரணில் ஏற்றி வைத்தாள். மறுநாள் அவளுக்குத் திருநெல்வேலியில் பரீட்சை. நான் தனியாக உட்கார்ந்து பதினோரு ஃபாரத்தை அடுக்கித் தைத்து, அட்டை ஒட்டி, ஆயிரத்து இருநூறு பிரதியையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். செத்துப்போன அசதியில் பரண் நினைவுக்கு வரவில்லை.

புத்தகம் எண்பத்தெட்டாம் பக்கத்தில் நின்றது. துப்பறிகிறவர் நான்காவது தம்ளரைக் கையில் எடுத்து, "கொன்றது யார் என்று இப்போது சொல்கிறேன்" என்கிறார். அடுத்தது பின்னட்டை. அதில் ஒரு பெருங்காய விளம்பரம். பெருங்காயக் கம்பெனி முதலாளிதான் கொலைகாரர் என்று இரண்டு வாசகர்கள் கடிதம் எழுதினார்கள்.

விடுபட்ட பக்கங்களைத் தனியாக அனுப்பிவிடலாம் என்று உலகம்மை சொன்னாள். அதற்குள் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டது. ஒரு பெரிய இலக்கியப் பேரவை டீச்சருக்கு அந்த வருடத்து விருதைக் கொடுத்தது. 'முடிவைச் சொல்லாமல் விட்ட துணிச்சலுக்காக' என்று கேடயத்திலேயே பொறித்திருந்தார்கள். பொன்னாடை போட்டார்கள். அதுவரை டீச்சரின் புத்தகங்கள் வடை மடிக்கத்தான் போய்க்கொண்டிருந்தன. இப்போது கல்லூரிகளில் அவரைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். நான்காவது தம்ளர் என்பது காலம், என்றார் ஒருவர். அது மொழி, என்றார் இன்னொருவர்.

டீச்சர் விருதோடு ஊருக்கு வந்தவர் நேரே அச்சகத்துக்கு வந்தார். என் போட்டோவைப் பார்த்து, "சிவசைலம், அந்தக் கட்டு பரண்லயே இருக்கட்டும்" என்றார். நானும் தலையாட்டினேன். விட்டது நான்தானே, எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுப்பது? அதற்கப்புறம் டீச்சர் எதுவும் எழுதவில்லை. எழுதினால் முடிவு வந்துவிடுமே என்று பயம்.

முதல் இரண்டு வருடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் தெருவில் போனால் "ஐயோ பாவம், தங்கமான மனுசன்" என்று ஊரே உச்சுக்கொட்டும். என்னோடு பத்து வருடம் முறைத்துக்கொண்டிருந்த காகிதக் கடைக்காரரே என் போட்டோவைப் பார்த்துக் கண் கலங்கினார். வெளியே போகும்போது போட்டோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவேன், பேச வேண்டியவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. வீட்டில் என் மனைவி ஆவுடை, சுவரில் ஒன்றும் அடுக்களையில் ஒன்றுமாக இரண்டு போட்டோ மாட்டியிருந்தாள். அடுக்களைப் போட்டோவைப் பார்த்து, "பால் தீந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க" என்பாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து போய் வாங்கி வருவேன். பொட்டை மட்டும் அவள் அழிக்கவில்லை. "அச்சுக்காரருக்கு வாக்கப்பட்டதுக்கு இதெல்லாம் அனுபவிக்கணும்னு தலையெழுத்து. அதுக்காக ஒரு கதைக்கெல்லாம் பொட்ட அழிக்க முடியாது" என்று போட்டோவிடம் சொல்லிவிட்டாள்.

பிறகு உலகம்மைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை கடையநல்லூரில் பல் டாக்டர். சம்பந்தி தங்கமான மனிதர். பூ வைக்க வந்தபோது என் போட்டோவைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டிப் போய் ஆவுடையிடம் சொன்னார்.

"பத்திரிகையில தெய்வத்திரு சிவசைலம்னு போட்டுருங்க. தாரை வார்க்கறதுக்குச் சித்தப்பா இருக்காருல்லா, அவர நிறுத்திருவோம். அவரு பேர்லயே அழைப்பு போயிரட்டும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. செத்தவன் வாயில் மண்ணு, இருக்கிறவன் வாயில் சோறு. ஆனால் அந்தச் சித்தப்பா என் தம்பி சங்கரலிங்கம். அவனும் நானும் பேசிப் பதினோரு வருடமாகிறது.

அதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினேன். பத்திரிகை நானே அடித்தேன். சொந்தக்காரர் பெயரெல்லாம் இருந்தது, கூடப்பிறந்த தம்பி பெயர் இல்லை. பிழை திருத்தும்போது ஒரு வரி விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். ஆனால் ஊருக்கே பத்திரிகை அடிக்கிறவன், பெயர் விட்டுப்போயிற்று என்று வாயால் சொன்னால் நாளைக்கு எவன் என்னிடம் அடிக்க வருவான்? சங்கரலிங்கம் வந்து கேட்டபோது, "வேணும்னுதான் விட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் அப்படியே திரும்பிப் போனான். அன்றிலிருந்து அவன் வீட்டில் நான் கை நனைக்கவில்லை, என் வீட்டில் அவன் நனைக்கவில்லை.

ஆவுடைதான் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "சரி மதினின்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல" என்று சுவர்ப் போட்டோவிடம் தெரிவித்தாள்.

அன்று சாயங்காலம் அச்சகத்தில் உலகம்மை பத்திரிகையை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். 'தெய்வத்திரு' என்று அடித்தாள். நிறுத்தினாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவை விசைப்பலகையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். போய்த் தலையைத் தொட்டேன். அவள் மேஜைமேல் இருந்த என் போட்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு எங்க அப்பாதான் தாரை வார்க்கணும்" என்றாள் போட்டோவிடம். "ஒங்களக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியும்ப்பா. நாலு வருசமாத் தெரியும். நாந்தானே டைப் அடிச்சேன். சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல."

"சொல்லாத" என்றேன். "அச்சுல வராம நீ சொன்னா அது வெறும் பேச்சு. அதுல பிழைச்சா பிழைச்ச மாதிரி ஆகாது."

பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பரணைப் பார்த்தோம். கட்டு அங்கேயே இருந்தது. ஆயிரத்து இருநூறு பிரதி, எண்பத்தொன்பதிலிருந்து தொண்ணூற்றாறு வரை, நன்றாக அச்சாகி, மடித்து, தைப்பதற்குத் தயாராக. கல்யாணத்துக்கு எத்தனை பத்திரிகை வேண்டும் என்று ஆவுடை போட்ட கணக்கும் ஆயிரத்து இருநூறுதான்.

மறுநாள் காலையில் போட்டோவை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் போட்டோவை வாங்கி, மேஜையில் கேடயத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் வாசல் பக்கத்தில் நின்றுகொண்டேன். வந்த விஷயத்தைச் சொன்னேன். நாவல் நாவலாகவே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். கடைசி எட்டுப் பக்கத்தைக் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்துத் தைத்துவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகையை எந்த இலக்கியப் பேரவை படிக்கப்போகிறது?

டீச்சர் கேடயத்தில் பொறித்திருந்த எழுத்தை விரலால் தடவினார்.

"முடிவு இல்லாம இருந்தா எழுத்தாளர்ங்காங்க சிவசைலம். முடிவு இருந்தா பஸ் ஸ்டாண்டு நாவல்காரிங்காங்க" என்றார். "நாப்பத்தாறு புத்தகம் முடிச்சுக் குடுத்தேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நீங்க ஒண்ண முடிக்காம விட்டீங்க, பொன்னாடை போத்துனாங்க."

"தப்பு என் மேலதான் டீச்சர்."

"இருங்க, நான் சொல்லி முடிச்சுக்கிடுதேன்" என்றார், வகுப்பில் சொல்கிற அதே அதட்டலோடு. "இந்த நாலு வருசத்துல எத்தனையோ பேர் அந்தத் தம்ளரப் பத்திப் பேசிட்டாங்க. ஒருத்தராவது, முடிவு என்ன டீச்சர், யாரு கொன்னதுன்னு கேக்கல. அது நல்ல முடிவு. நான் எழுதுனதுலயே அதுதான் நல்ல முடிவு. கேட்டு வந்த முதல் ஆளு நீங்கதான்."

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "தைச்சிருங்க. இந்தத் தடவ விட்டுராம தைங்க."

பத்திரிகை அடித்தோம். முதல் தாளில் மேலே பிள்ளையார். அதற்குக் கீழே, அழைப்பவர் என்ற இடத்தில், சங்கரலிங்கம் என்ற பெயரை நானே உலகம்மை பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் அச்சகத்தில் இருக்கிற எழுத்திலேயே பெரிய எழுத்தாகப் போடச் சொன்னேன். பிழை திருத்தும்போது அந்த ஒரு வரியை ஏழு தடவை படித்தேன். பெண்ணின் அப்பா, தெய்வத்திரு சிவசைலம். தாளைத் திருப்பினால் பக்கம் எண்பத்தொன்பது. தொண்ணூற்றாறு முடிந்ததும் ஒரு தாள். அதில், 'தங்கள் வருகையை எதிர்நோக்கும், சிவசைலம்' என்று தெய்வத்திரு இல்லாமல். தைக்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டேன். ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்து ஃபாரத்தை எண்ணி எண்ணிக் கையில் கொடுத்தாள்.

ஒரு வியாழக்கிழமை பத்திரிகை வெளியே போயிற்று. செத்தவருக்குத் தனியாக ஒரு பத்திரிகை வைக்கும் வழக்கம் இல்லாததால், நான் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிடந்ததை எடுத்து, நின்றபடியே படித்தேன். துப்பறிகிறவர் எண்பத்தொன்பதாம் பக்கத்தில் தம்ளரைக் கீழே வைக்கிறார். தொண்ணூற்றிரண்டில், அந்தத் தம்ளர் வந்தவர்களுக்கு வைத்ததில்லை, அந்தக் குடும்பத்தில் பிறந்தவன் சின்ன வயதிலிருந்து குடித்த தம்ளர் என்கிறார். தொண்ணூற்றுநான்கில் கொலைகாரன் எழுந்து நின்று சொல்கிறான்: "என் அண்ணன் ஏழு வருடமாக என் வீட்டில் கை நனைக்கவில்லை. அவரைக் கொன்றால் ஒழிய அவர் என் வீட்டுக்குச் சாப்பிட வர மாட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை." கீழே அவன் பெயர் இருந்தது. சங்கரலிங்கம்.

டீக்கடைக்காரர் என் போட்டோவைப் பார்த்து, "அண்ணாச்சி, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

சங்கரலிங்கம் மறுநாள் காலையில் ஆள் அனுப்பினான். நாங்கள் மூன்று பேரும் போனோம். வாசலில் அவன் மனைவி காந்திமதி செம்பில் தண்ணீரோடு நின்றாள். என் போட்டோவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நாலு வருசமா, மாசம் பொறந்தா இவங்க சொதிக்குன்னு நாலு தேங்கா வாங்கி வச்சுருவாங்க அத்தான்" என்றாள் போட்டோவிடம். "இந்த மாசம் அச்சாயிரும், அண்ணன் வந்துருவாங்கன்னு. அந்தத் தேங்கா அழுகிப்போனா அடுத்த மாசம் மறுபடி நாலு."

தலைவாழை இலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் மணையில் என் போட்டோவை நிறுத்தி வைத்தார்கள். சங்கரலிங்கம் தானே பரிமாறினான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. நான் சோற்றில் கை வைக்கவில்லை. வைப்பதற்கு முன்னால் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது.

"அன்னைக்கு உன் பேரு விட்டுப்போச்சு, சங்கரலிங்கம். வேணும்னு விடல. அச்சுல விட்டுப்போச்சு. விட்டது நான்தான்."

அவன் போட்டோவைப் பார்த்தான். "தெரியும்ணே" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"வேணும்னு எடுத்திருந்தா நீங்க எடத்த அடைச்சிருப்பீங்க. அத்தை மாப்பிள்ளை பேருக்கும் மாமா பேருக்கும் நடுவுல ஒரு வரி எடம் சும்மா கெடந்துச்சு. அச்சுக்காரன் எடத்தச் சும்மா போட மாட்டான்." அலமாரியிலிருந்து அந்தப் பழைய பத்திரிகையை எடுத்துக் காட்டினான். அந்த வெற்றிடத்தில் அவனே பென்சிலால் தன் பெயரை எழுதி வைத்திருந்தான். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். வரல. அதான் டீச்சர்ட்ட போயி, எங்க அண்ணன நான் கொல்லுதேன்னு பேரு குடுத்தேன்."

எனக்குக் கண் மறைத்தது. சொதியை ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தேன். அது உள்ளே போனதும், சங்கரலிங்கம் போட்டோவிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, உப்பு சரியா இருக்கா?" என்றான்.

இருக்கிறது என்றேன். இருந்தது.

உலகம்மைக்கு நான்தான் தாரை வார்த்தேன். பக்கத்தில் ஆவுடை நின்று செம்பிலிருந்து தண்ணீர் விட்டாள். அந்தப் பக்கம் சங்கரலிங்கம் நின்றான், அவன் பெயரில்தானே அழைப்பு போயிருக்கிறது. இரண்டு பேரும் நிற்கட்டும் என்று சம்பந்தியே சொல்லிவிட்டார்.

மூன்றாவது பந்தி நடக்கும்போது மண்டப வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சென்னைப் பேரவைக்காரர்கள் மூன்று பேர் இறங்கினார்கள். சம்பந்தி வீட்டில் யாரோ அதில் ஒருவருக்குப் பத்திரிகை அனுப்பியிருக்கிறார்கள், அவர் அதை முழுக்கப் படித்துவிட்டார். முதலில் பொறுமையாகச் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு, கல்யாணத்துக்கு வந்திருந்த டீச்சரிடம் போனார்கள்.

"முடிவு இருக்கிறதாமே டீச்சர்" என்றார் மூத்தவர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"இருக்கு" என்றார் டீச்சர். "நல்ல முடிவு. படிச்சீங்களா?"

"படித்தேன். அழுதேன்" என்றார் அவர். "ஆனால் விருது முடிவை விட்ட துணிச்சலுக்கு. விட்டது நீங்கள் இல்லை என்று ஆகிறது. விட்டது யார்?"

மண்டபத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, இப்போது இரண்டாவது தடவையாகச் சுலபமாக வந்தது.

"நான்தான்" என்றேன்.

அவர்கள் தங்களுக்குள் கொஞ்சம் பேசிக்கொண்டு, டீச்சர் வீட்டுக்குப் போய்க் கேடயத்தை எடுத்து வந்து, மணமேடையிலேயே வைத்து என்னிடம் கொடுத்தார்கள். பொன்னாடையும் போட்டார்கள். மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டினார். அன்றிலிருந்து நான் விருது பெற்ற மர்ம நாவலாசிரியர். இரண்டு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதை எங்கே விட வேண்டும் என்பது பற்றிப் பேச வேண்டுமாம்.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள், டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. அதுவரை அவர் தட்டு வாங்கித்தான் பார்த்திருக்கிறேன், கொண்டுவந்து பார்த்ததில்லை. ஆவுடை நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் தட்டை என் முன்னால் வைத்தார்.

"நாப்பத்தேழு பேரக் கொன்னுட்டேன் சிவசைலம். என்ன ஒருத்தரும் கொல்லல. எழுதுறதுக்கு ஊர்ல வேற ஆளு இல்லையே" என்றார். "இப்பதான் நீங்க எழுத்தாளராயிட்டீங்களே."

"அதுக்கென்ன டீச்சர், எழுதிருவோம். யாரு கொல்லணும்?"

டீச்சர் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அது நம்ம கேட்டு வாங்குறது இல்லல்லா" என்றார், மெதுவாக. "யாராவது பேரு குடுக்கணும். எனக்கு யாரு பேரு குடுக்கா? கொன்னா கூப்பிட்டு எல போடணும்."

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ஆவுடை ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். ரகசியமாகச் சொல்ல வேண்டியதை அவள் ரகசியமாகச் சொல்லவில்லை.

"நான் கொல்லுதேன் டீச்சர்" என்றாள். "கடைசி ஃபாரத்த இவங்க கையில குடுக்க மாட்டேன். நானே தைச்சிருதேன். சொதி சாப்புடுவீங்கல்லா?"

"சாப்புடுவேன்" என்றார் டீச்சர். "இஞ்சிப் பச்சடி கொஞ்சம் கூட வேணும்."

நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, முதல் வரியை எழுதினேன். டீச்சர் அதை வாங்கிப் படித்து, ஒரு ஒற்றெழுத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டு, கைப்பையிலிருந்து தன் போட்டோவை எடுத்தார். சட்டம் போட்டே கொண்டுவந்திருந்தார். என் போட்டோவிலிருந்து கழற்றிய சந்தன மாலை ஆணியில் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆவுடை அதை எடுத்துத் தூசி தட்டி, டீச்சரின் போட்டோவுக்குப் போட்டாள். அளவு சரியாக இருந்தது.

பிறகு போட்டோவைச் சுவரில் சாய்த்து நேராக்கி வைத்து, அதைப் பார்த்துக் கேட்டாள்.

"டீச்சர், காப்பி குடிக்கீங்களா?"

"சீனி கொஞ்சமாப் போடு ஆவுடை" என்றார் டீச்சர் நாற்காலியிலிருந்து.